தொண்ணூறு நாள் விறகு

அல் ஐனை ஒட்டிய ஒட்டகப் பண்ணையில் இந்தக் குளிருக்கு வேலுச்சாமி தனி ஆள். குளிரே தாங்காத கூட்டாளி மதுசூதனன் கோடையில் செத்துப்போனான். ஒற்றை ஆளுக்குக் காலையில் மூன்று கட்டை போதும். தொண்ணூறு நாளுக்கு இருநூற்று எழுபது என்று கணக்குச் சொல்லி, அரபி முதலாளியிடம் வாங்கி அடுக்கினான்.

மூன்றை எரித்தால் அடுக்கில் ஆறு குறைந்தது. அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். அப்போதும் ஆறுதான்.

நாற்பத்தைந்தாம் நாளோடு விறகு கலாஸ். முதலாளி ஃபோனில் கத்திய கத்தலில் வேலுச்சாமிக்கு மண்டை காய்ந்தது. அணைகிற நெருப்புக்கு எதிரே, மதுசூதனன் வழக்கமாக உட்கார்ந்த காலி பெயின்ட் டப்பாவைப் பார்த்துச் சீறினான்.

“ஒன்னப் பெட்டியில வச்சு ஊருக்கு அனுப்பிட்டோமேடா! இன்னுமாடா குளிருது?”

டப்பாவைத் தூக்கி எறியப் போனான். இரண்டு கையாலும் இழுத்தான். காலி டப்பா அசையவே இல்லை.