கீழே இறங்கும் நாள்

எட்டு மாடி ஏறி வந்த பெண் பேச முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரெஜினா கட்டிலில் இருந்தபடியே தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"லிஃப்ட் ஓடலியாக்கா?"

"ரெண்டு வருஷமாச்சு."

பெண் அண்ணாந்து குடித்தாள். இருபது வயதிருக்கும். கழுத்தில் ஒரு கம்பெனியின் அடையாள அட்டை, மடியில் டேப்லெட். தேர்தல் வருகிறதாம். நகரத்து வாக்காளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப்போக வந்திருக்கிறாளாம். இருபது நிமிடம் ஆகுமாம், பரவாயில்லையா?

பரவாயில்லை.

பெயர், ரெஜினா. வயது, நாற்பத்து மூன்று. வேலை, எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை செக்கிங். இப்போது இல்லை.

"நகரத்தின் முதன்மையான பிரச்சினை எது?"

பெண் ஒவ்வொன்றாகப் படித்தாள். போக்குவரத்து நெரிசல். மழைநீர் தேங்குவது. குப்பை. வாடகை. காற்று மாசு.

நெரிசலில் ரெஜினா நின்று எவ்வளவோ நாளாகிறது. மழைநீர் எட்டாவது மாடிக்கு வராது.

"லிஃப்டுன்னு இருக்கா பாரு."

இல்லை. 'பிற' என்று ஒன்று இருந்தது. பெண் அதைத் தொட்டாள்.

அடுத்தது, அரசு எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும். மெட்ரோ, மருத்துவமனை, மேம்பாலம், பூங்கா. ரெஜினா பூங்காவை முதலில் போடச் சொன்னாள்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது. நைட்டிக்குக் கீழே ஒரு பாதம்தான் தெரிந்தது.

சர்க்கரை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று வருடமாகிறது.

லிஃப்ட் நின்ற புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகக் கணவன் செல்வின் அவளை முதுகில் சுமந்து இறக்கினான். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் இருவரும் விழுந்தார்கள். அவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒரு மாதம் லோடு ஆட்டோவை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவனும் கேட்கவில்லை.

"ஐந்து ஆண்டுகளில் இந்த நகரம் மேம்படுமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா?"

ஜன்னலைப் பார்த்தாள். தூரத்தில் மெட்ரோ தூண்கள். போன மழைக்காலத்தில் தனித்தனியாக நின்றவை. இப்போது மேலே பாலம் ஒன்றுசேர்ந்துவிட்டது.

"மேம்படும்."

"உங்கள் குடும்பத்தின் நிலை?"

"இப்படியே இருக்கும்."

"வரும் தேர்தலில் வாக்களிப்பீர்களா?"

"போடாம?"

கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த மாசம் வெக்கிறாங்களாம்?"

"ஏப்ரல்னு பேசிக்கிறாங்கக்கா."

ரெஜினா விரல்விட்டு எண்ணினாள். ஏழு மாதம்.

அந்த முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க கஷ்டப்பட்டு எறங்கவே வேணாம்க்கா. இப்பல்லாம் நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போறாங்க. ஒரு படிவம் குடுத்தா போதும். நான் வேணா விசாரிச்சு..."

"வேணாம்."

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"வேணாம் கண்ணு. என் பேரை எங்கயும் குடுத்துடாத."

போன தேர்தலன்று நான்கு பேர் வந்தார்கள். எந்தக் கட்சி என்று அவள் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி இறக்கினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் அவளை நேராக உள்ளே போகச் சொன்னார். மாட்டேன் என்றாள். நாற்காலியை வரிசையின் கடைசியில் போடச் சொன்னாள்.

வெயில் முகத்தில் அடித்தது. உடன் வேலை பார்த்த மும்தாஜ் கூட்டத்தில் கண்டுபிடித்து ஓடிவந்து, கையை விடாமல் பேசினாள். மூன்று நுங்கு வாங்கிக் கொடுத்தாள். நாய் ஒன்று வந்து நாற்காலிக்கு அடியில் நிழல் பார்த்துப் படுத்தது. பஸ்கள் போயின. மண்ணை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், யாரும் கவனிக்காதபோது.

அவள் முறை வந்தபோது பின்னால் நின்ற ஐந்தாறு பேரை முன்னே போகவிட்டாள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"அன்னிக்கு ஒரு நாள்தான் கண்ணு, என்னைத் தூக்க ஆளு வரும்."

பெண் டேப்லெட்டைத் திருப்பி எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"இதெல்லாம் எங்க போவும்?" என்று ரெஜினா கேட்டாள்.

"எங்க ஆபீசுக்குக்கா."

"அங்கேருந்து?"

அது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

"கடைசிக் கேள்விக்கா." குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க மாற்றுத்திறனாளியா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ண தொட்டாதான் ஃபார்ம் போகும்."

ரெஜினா கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து இடுப்புவரை மூடிக்கொண்டாள்.

"இல்லன்னு போடு."

விரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலேயே நின்றது.

பிறகு அந்தப் பெண், போர்வையைப் பார்க்காமல், 'இல்லை'யைத் தொட்டாள்.