மூன்று சுற்று

சொல்லிவிட்டுத்தான் அந்த வயதான நடிகை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போ வெளியே. மூணு சுத்து சுத்து. கதவைத் தட்டு. நான் கூப்பிட்டால்தான் உள்ளே வரணும்."

மதியக் காட்சிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தவமலர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். உடை மாட்டிவிடும் வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. கை லேஸ் காலரைத் தேய்த்துக்கொண்டிருக்க, வாய் சும்மா இருக்காமல் விசிலடித்துவிட்டது. ஒப்பனை அறைக்குள் விசிலடித்தால் நாடகம் விளங்காது என்பதும், அடித்தவள் வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் தட்டினால்தான் தோஷம் கழியும் என்பதும் லண்டன் நாடகக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துத் தவமலருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"எங்கட வீட்டிலயும் விசிலடிச்சா அம்மா ஏசுவா மேடம். சுத்தச் சொன்னதில்லை."

கதவு சாத்திக்கொண்டது.

நடிகை பவுடர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

வயது எண்பத்து மூன்று. படங்கள் நாற்பது. நாடகம் எத்தனை என்று அவளுக்கே மறந்துவிட்டது. அரண்மனைக்கு அழைத்துப் பதக்கம் குத்தி அனுப்பினார்கள். போன ஊரிலெல்லாம் அவள் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கும். தட்டாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று. பெரிய நடிகைக்குத் தலைக்கனம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். உண்மையைச் சொல்வதைவிட அதுவே மேல்.

கட்டிக்கொண்டவன் ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டான். அவள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கமே கூடிவிட்டது. பாவம், அவன் ரொம்ப நாள் தாங்கவில்லை.

இன்று அவளே ஒருத்தியைத் தட்டச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறாள். அதுவும் இந்த அறையிலிருந்து.

அறுபத்தொரு வருஷம் இந்தத் தியேட்டர் வாசலை மிதிக்காமல்தான் இருந்தாள். உங்கள் கடைசி நாடகம் இங்கேதான் நடக்க வேண்டும், தொடங்கிய இடமல்லவா என்று கெஞ்சினார்கள். தொடங்கிய இடம்தான். அதை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அன்றைக்கு விசிலடித்தவள் ஐரீன்.

ஐரீன்தான் கதாநாயகி. இவள் மாற்று நடிகை. ஐரீனுக்குக் காய்ச்சல் வந்தால் மேடையேற வேண்டியவள். பதினோரு மாதம் திரைக்குப் பக்கத்தில் நின்று அத்தனை வசனத்தையும் முணுமுணுத்தாள். அந்த மகராசிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஐரீன் வளையம் வைத்த அகலப் பாவாடையோடு சிரித்துக்கொண்டே வெளியே போனாள். சுற்றினாள். தட்டினாள்.

"இன்னும் மூணு," என்றாள் இவள் உள்ளேயிருந்து.

விளையாட்டுக்குத்தான். அப்படித்தான் இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாவாடை சரசரத்தது. மறுபடி தட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு சிரிப்பு.

"தலை சுத்துதடி. கூப்பிடேன்."

இவளுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"இன்னும் மூணு."

மூன்றாவது முறை யாரும் தட்டவில்லை.

கதவுக்கு வெளியே இரண்டடி தள்ளி இரும்புப் படிக்கட்டு. இருபத்தாறு படி.

பாவாடை தடுக்கிவிட்டது என்றார்கள். இவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று திரை கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது. ஐரீனின் இடத்தில் இவள் நின்றாள். மறுநாள் காலை ஊர் முழுக்க இவள் பேச்சுதான்.

அந்தத் தட்டலுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

டொக். டொக். டொக்.

"மேடம், சுத்திப்போட்டன். உள்ள வரட்டோ?"

உள்ளே வா.

இரண்டே சொல். பக்கம் பக்கமாக வசனத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தவள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எதிரே கண்ணாடியில் பாதி பவுடர் பூசிய ஒரு கிழவி வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே தவமலர் காத்து நின்றாள். தான்தான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"சுத்தினது காணாதோ மேடம்? இன்னும் மூண்டு சுத்தட்டோ?"

செருப்புச் சத்தம் கேட்டது. சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"வேண்டாம்!"

நாற்காலி சாய்ந்து விழுந்தது. கைத்தடியைத் தேடவில்லை. முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. கதவை இழுத்துத் திறந்தாள்.

தவமலர் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டியபடி தள்ளாடிக்கொண்டிருந்தாள். ஒரு குதிகால் படியின் விளிம்பைத் தாண்டியிருந்தது.

மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இழுத்த பிறகும் விடவில்லை.

"மேடம், கை நோகுது."

அப்போதும் விடவில்லை. அழுதாள். மேடையில் அழுகிற அழகான அழுகை இல்லை இது. மூக்கெல்லாம் ஒழுகியது. தவமலர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு வேறு யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதே."

படிக்கட்டில் யாரும் இல்லை. அந்த வெற்றுப் படிகளைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

"உள்ளே வா, ஐரீன்."

சொல்லிவிட்டு, அகலப் பாவாடை ஒன்றுக்கு வழி விடுகிறவளைப் போலக் கதவோரமாக ஒதுங்கினாள்.

ஏனென்று தெரியாமலே தவமலரும் ஒதுங்கி நின்றாள்.