வேலிக்கு அந்தப் பக்கம்

“திருட்டுப் பய உள்ளதான் இருக்கான். கார் நிக்குது பாரு!”

ஜன்னல் திரையை விரலால் விலக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் உளவு பார்த்துக்கொண்டிருந்தார் லின்ட்சே. அவருக்குப் பின்னால், கம்ப்யூட்டரில் குதிரைகளின் பெயர்கள் அசையாமல் நிற்க, நடுவே ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“யாரு, செமிசியா? ராத்திரி முழுக்க பஸ் ஓட்டிட்டு வந்து தூங்கறான், பாவம்” என்றார் சமையலறையிலிருந்து அவர் மனைவி நோலீன்.

“தூங்கறானாம்! நம்ம வைஃபையை உறிஞ்சி ரக்பி பாத்துக்கிட்டு இருக்கான். சனிக்கிழமை நான் குதிரைமேல பணம் கட்ட உக்காந்தா போதும், நெட் படுத்துடுது. எப்படி?”

லின்ட்சே சும்மா இருக்கும் ஆளில்லை. மோடத்தை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார், அடுத்த வாரம் அதையும் மாற்றினார். கம்பெனிக்கு போன் போட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதில், “லைன் நல்லாத்தான் இருக்கு சார்” என்ற பதில் மட்டும் கிடைத்தது.

உயரத்தில் இருந்தால் நன்றாக எடுக்கும் என்று யாரோ சொல்ல, சமையலறை மேடையில் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி வைத்து அதன் மேல் மோடத்தை உட்கார வைத்தார். அது கிறிஸ்துமஸுக்கு மகள் கொடுத்த புது மைக்ரோவேவின் பெட்டி. நோலீன் அதை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பழசில் சூடு பண்ணினால்தான் இறைச்சி அடைத்த மீட் பை வாயில் வைக்க விளங்குகிறது என்று திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். கதவுக்கு டேப் ஒட்டிய கிழட்டு மைக்ரோவேவ்தான் இன்னமும் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது.

“சாட்சி வேணுமா உனக்கு? கிறிஸ்துமஸுக்கு அவன் குடும்பத்தோட சொந்த ஊர் டோங்காவுக்குப் போனான்ல, அந்த வாரம் நம்ம நெட் எப்படிப் பறந்துச்சு?” என்றார் லின்ட்சே.

“நெட்டு மட்டுமா பறந்துச்சு? உன் மீன்பிடிப் படகும் சேர்ந்துதான் பறந்துச்சு.”

லின்ட்சேக்கு அது காதில் விழவில்லை. படகை விற்ற பணம் குதிரைக் குளம்படியில் போனதை அவர் எப்போதோ மறந்துவிட்டார். மீதி இருப்பது கேரவன் வாங்கச் சேர்த்த பணம். கேரவனை இழுத்துக்கொண்டு இந்த நாட்டையே ஒரு சுற்று சுற்றி வரவேண்டும் என்பது நோலீனின் ஆசை. ஃப்ரிட்ஜ் கதவில் வரைபடம்கூட ஒட்டி வைத்திருக்கிறார்.

அந்தப் பணம் மொத்தத்தையும் இன்று ஏழாவது ரேஸில் ஒரே குதிரை மேல் கட்டிவிடுவதென்று லின்ட்சே முடிவு செய்திருந்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பந்தயம் கட்டும் கவுன்டர் உள்ள பப்புக்கு நடந்துபோய்க் கட்ட முடியாது. வைஃபை ஒன்றுதான் கதி.

“விடமாட்டேன்டா இன்னிக்கு” என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய்க் கத்தினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் செமிசி. கதவை அடைக்கும் உடம்பு, குழந்தைக் குரல்.

“எங்க வீட்ல தனி நெட் இருக்கு அங்கிள். உங்களுது எதுக்கு எனக்கு?”

“அப்படித்தான் சொல்வே.”

செமிசி உள்ளே போனான். வீட்டில் இருந்த அத்தனை போனையும் துணிக்கூடையில் போட்டு, தன் மோடத்தையும் பிடுங்கி மேலே வைத்து, கூடையோடு வந்து லின்ட்சேயின் மேஜையில் இறக்கினான். “எல்லாத்தையும் அணைச்சாச்சு. இப்ப பாருங்க.”

பார்த்தார். குதிரைகள் ஓடிவந்து திரையில் நின்றன. “பாத்தியா நோலீன்! கையும் களவுமா பிடிச்சேன்!” லின்ட்சே குதிரையைத் தேர்ந்தெடுத்தார். ரேஸுக்கு இரண்டே நிமிடம். தொகையை அடிக்க ஆரம்பித்தார்.

“செமிசி, தூக்கத்துல எழுந்து வந்திருக்கே. இரு, ஒரு மீட் பை சூடு பண்றேன்” என்றது சமையலறைக் குரல்.

கிழட்டு மைக்ரோவேவ் உறுமியது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. லின்ட்சே மௌஸைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், தன் தலையிலும் தட்டிக்கொண்டார். வட்டம் நிற்பதற்குள் அங்கே குதிரைகள் ஓடி முடித்திருந்தன.

“கம்பெனிக்காரனை உண்டு இல்லைன்னு பண்றேன்!” என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார் லின்ட்சே. செமிசியை இனி குற்றம் சொல்ல வழியில்லை. மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை.

‘டிங்’ என்று மணி அடித்தது. செமிசி திரும்பிப் பார்த்தான். வட்டம் மறைந்து, திரை பளிச்சென்று இருந்தது.

அவன் மெதுவாகச் சமையலறைக்குள் வந்து, டேப் ஒட்டிய கதவையும், பக்கத்தில் பெட்டி மேல் இருந்த மோடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஆன்ட்டி, கோளாறு இந்தப் பழைய மைக்ரோவேவ்ல. இது ஓடினா நெட் போகுது, நின்னா வருது. பெட்டியில இருக்கிற புதுசை மாட்டுங்க, சரியாயிடும்.”

வராந்தாவில் லின்ட்சே யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. நோலீன் மீட் பையின் மேல் தாராளமாகத் தக்காளி சாஸை ஊற்றி, தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

“மெதுவாப் பேசு. புதுசை மாட்டின வாரம்தான்டா படகு போச்சு!”