நாற்பது நிமிஷக் கரி

ஒரு விடுகதை. வயிற்றில் தண்ணீர் இருந்தவரை பழுப்பு. சுட்டெடுத்தால் கறுப்பு. வேலைக்குத் தயாரானால் வெள்ளை. அது என்ன?

தேங்காய் என்று சொன்னால் பாதி மார்க்தான். கொட்டாங்கச்சி என்பதே விடை. அதைக் கரியாக்கி, பொடித்து, கஞ்சிப் பசை சேர்த்து, உள்ளங்கைக்கு அடங்கும் கட்டிகளாக அழுத்தியிருந்தார்கள். திப்டூரிலிருந்து அப்படி ஒரு மூட்டை, தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில் ராஜப்பா வீட்டுப் புழக்கடையில் வந்து இறங்கியிருந்தது.

அனுப்பியவர் அவருடைய மச்சான் கோவிந்தன். கூடவே ஒரு சீட்டு. பற்ற வைத்து நாற்பது நிமிஷம் கை வைக்கக் கூடாது, மேலெல்லாம் வெள்ளை பூத்த பிறகுதான் கோழியை வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ராஜப்பா சுரங்க வேலையை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கரிக்கு ஊரில் ஒரு வாடிக்கை பிடித்துவிட்டால் வீட்டில் இருந்தே பிழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை. மாதத்துக்கு ஒரு முறைதான் வீடு. பதினொரு வயது சுனிதாவுக்கும் இது தெரியும்.

கிளப் தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் விறகில் கோழி சுடுகிறவர் மஞ்சுநாத். அவர் சரி என்றால் போதும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தார். கரி பற்றுவதிலிருந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அரை மணி நேரம்தான் இருப்பேன், கிளப்பைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுனிதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பதுக்குப் பத்து நிமிஷம் குறைகிறது.

பாதியாக வெட்டிய தகர டிரம்மில் தேங்காய் நாரைக் கொளுத்திக் கரியைப் பற்ற வைத்துவிட்டு, ராஜப்பா அதன் முன்னால் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. சுரங்கத்தில் அவர் இருபத்தாறு வருஷம், ஆட்களை அடி லெவல் வரை கொண்டுபோகும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். கீழிருந்து மணி அடித்தால்தான் கை நகரும். கயிற்றின் நுனியில் ஆட்கள் தொங்கும் நேரத்தில் டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. வீட்டிலும் வேலை என்று எதைத் தொட்டாலும் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அம்மாவாவது கரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று சுனிதா காத்திருந்தாள். குணசுந்தரி பேசத்தான் செய்தாள். ஆனால் கரியைப் பற்றி இல்லை.

"கோழி இன்னும் அடி லெவல்ல கீது சார். கேஜ் மேல வந்தாத்தான் நமக்கு" என்றாள்.

மஞ்சுநாத் சிரித்தார். அதோடு விட்டாளா? பால் காய்ச்சச் சொன்னால் இவர் அடுப்பையே முறைத்துக்கொண்டு நிற்பார், பற்ற வைக்க மறந்துவிடுவார் என்றாள். மாமியார் வீட்டு விருந்தில் பேசாமலே பதினெட்டு இட்லி தின்ற கதையை நடித்தே காட்டினாள்.

சுனிதா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"சும்மா இரும்மா. அப்பா பாவம்."

"பாவந்தான். நீ போய் வெங்காயம் அரி" என்று சொல்லிவிட்டு, காபி டம்ளரோடு அம்மா மறுபடி வெளியே போனாள்.

இனிமேல் அம்மாவோடு பேச்சே இல்லை என்று சுனிதா முடிவு செய்தாள்.

அரை மணி நேரம் தாண்டியது. கரிக்கட்டிகளின் ஓரம் வெளுத்தது. மஞ்சுநாத் எட்டிப் பார்த்தார்.

"ஆயித்து ராஜப்பா, முடிஞ்சுது. அணைஞ்சு போச்சு. எல்லாம் சாம்பல்" என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார்.

ராஜப்பா மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கல்யாணக் கதையக் கேட்டுட்டுப் போங்க சார்" என்றாள் குணசுந்தரி. "மேளம் கொட்டியாச்சு. மாப்பிள்ளை தாலியக் கையில வெச்சிக்கினு அப்படியே நிக்கிறாரு. மணி அடிக்காம இவரு கை எப்படி ஓடும்? எங்கண்ணன் ஓடிப்போயி சைக்கிள் பெல்லை அடிச்சாரு. அப்புறந்தான் கட்டினாரு."

மஞ்சுநாத் சிரிப்புத் தாங்காமல் மறுபடி நாற்காலியில் விழுந்தார். பெல்லை எத்தனை தடவை அடித்தார் என்று கேட்டார்.

"மூணு. மூணு முடிச்சாச்சே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் கரி முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. ராஜப்பா கம்பி வலையைப் போட்டுக் கோழியை அடுக்கினார். சுர்ரென்று சத்தம் வந்தது, பின்னாலேயே வாசனை வந்தது. மஞ்சுநாத் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

வெந்ததும் கோழிக் கால் ஒன்றை எடுத்துக் கடித்தார். எலும்பு வரை வெந்திருந்தது. புகை நாற்றம் இல்லை. கடைசியில் டிரம்மின் மேல் கையை நீட்டிப் பார்த்தார். சூடு அப்படியே இருந்தது.

"சனிக்கிழமைக்கு ரெண்டு மூட்டை அனுப்பிடுங்க. இனிமே வாராவாரம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஸ்கூட்டர் சத்தம் தெரு திரும்பிய பிறகுதான் ராஜப்பா வாயைத் திறந்தார்.

"அந்தாள நாப்பது நிமிஷம் உக்கார வைன்னு காலையில கேட்டேன். நீ ஒண்ணரை மணி நேரம் உக்கார வெச்சிட்ட."

"தொண்டை கட்டிக்கிச்சு. அடுத்த தடவ நீங்க பேசுங்க, நான் கோழி சுடறேன்."

"ஆனா நம்ம கல்யாணத்துல யாரும் பெல் அடிக்கலியே."

"இருந்த கதையெல்லாம் தீந்துபோச்சு. இன்னா பண்றது?"

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோழிக்கு இரண்டு கால். ஒன்று மஞ்சுநாத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று, எப்போதும் போல, சுனிதாவின் தட்டில் இருந்தது.

சுனிதா அதை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள்.