கடைசிக் குழாய்

எழுந்தேன். பல் துலக்கினேன். கேத்திலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன்.

குமிழைத் திருகினால் நாலைந்து தரம் சொடுக்கும். பிறகு பற்றும். அன்றும் பற்றியது.

தேநீரை நின்றபடியே குடித்தேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். மனேஜர் ஏனென்று கேட்கவில்லை. என் மனைவி றஜனி போன பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் அருமைநாதன் அண்ணை. வீட்டுக்காரர். மேல்மாடியில் அவரும் யோகராணி அக்காவும், கீழே நான். அவருக்குப் பின்னால் எரிவாயு இணைப்பைத் துண்டிக்க வந்த மெக்கானிக், சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, தேத்தண்ணி குடிச்சாச்சோ? இனி உந்தக் கரண்ட் அடுப்போடைதான் மல்லுக்கட்ட வேணும். அக்கா மேலை அதோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை."

மேலே எல்லாம் மாற்றியாகிவிட்டது. நிலவறையில் இருந்த பழைய எரிவாயு உலையும் போய், வீட்டைச் சூடாக்க வெளிச்சுவரில் மின்சார ஹீட் பம்ப் வந்துவிட்டது. மிஞ்சியது என் அடுப்பு மட்டும்.

புதிய கியூபெக் மாகாணச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தாமாக எரிவாயு இணைப்பைக் கைவிடும் வீடுகளுக்குச் செலவின் பெரும்பகுதியை அரசு தரும். ஆனால் வீடு முழுதாகக் கைவிட வேண்டும். ஓர் அடுப்பு மிஞ்சினாலும் உதவி கிடையாது. உதவி பெற்ற வீட்டுக்காரர் அதைக் காட்டி வாடகையைக் கூட்டவும் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனை றஜனி கேட்டது.

அவள் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகைக்காரர் சங்கத்தில் வேலை செய்தாள். சட்டம் வரைவாக இருந்தபோது, சட்டசபைக் குழுவின் முன் பேச கியூபெக் நகரத்துக்குப் போனாள். பிரெஞ்சில் பேசினாள். வசதியுள்ளவர்கள் முதலில் விலகிவிடுவார்கள், குழாய்களைப் பராமரிக்கிற செலவு மிஞ்சியவர்களின் தலையில் விழும் என்றாள். "கடைசிக் குழாயை இல்லாதவன் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்" என்று முடித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த வசனம் அவளுடைய கடைசி வார்த்தை ஆகிவிட்டது. சங்கத்து எலிசா அதைச் சுவரொட்டியாக அடித்தாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அருமைநாதன் அண்ணை எழுதினார். முதல் பக்கத்தில், அவள் படத்துக்குக் கீழே, 'இறுதி மொழி' என்று போட்டிருந்தார். 'இறுதிக் குழாயை ஏழையின் இல்லத்தில் எஞ்சவிடாதீர்.' றஜனி பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

மெக்கானிக் அடுப்பைச் சுவரிலிருந்து முன்னே இழுத்தார். பின்னால் மஞ்சள் குழாய். தரையில் காய்ந்த கறிவேப்பிலை, கடுகு. நான் தாளிப்பதில்லை.

நிறுத்தலாமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் துணியை எடுத்து அடுப்பின் விளிம்பைத் துடைத்தேன். அவர் ஸ்பானரைத் தேடுவதுபோல் பையைத் திறந்துகொண்டு குனிந்தார்.

அண்ணை என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மனமில்லையெண்டால் சொல்லும். அடுப்பு இருக்கட்டும். நானும் அக்காவும் எப்பிடியும் சமாளிப்பம்."

சமாளிக்க மாட்டார்கள். ஹீட் பம்ப் ஏற்கெனவே சுவரில் நிற்கிறது. உதவி வராவிட்டால், இந்த வயதில் அவர் மறுபடியும் பனியில் டாக்ஸி ஓடப் போவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

"றஜனிப் பிள்ளை கடைசியாச் சொன்னதுக்காகத்தான் நான் இதுக்கே ஓமெண்டனான்" என்றார்.

நான் குமிழைத் திருகினேன். சொடுக்கியது. பற்றியது. நீலமாக, வட்டமாக.

கையை மேலே பிடித்தேன். கொஞ்சம் தாழ்த்தினேன். சுட்டது.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ அண்ணை."

மெக்கானிக் சுவரோரம் குந்தி வால்வைத் திருப்பினார். நெருப்பு உடனே போகவில்லை. குழாயில் இருந்தது தீரும்வரை எரிந்தது. பிறகு குட்டையாகி, நுனி மஞ்சளித்து, இரண்டு துளைகளில் மட்டும் நின்று, போயிற்று.

அண்ணை கண்ணைத் துடைத்தார்.

"பிள்ளையின்ரை கடைசிச் சொல்லைக் காப்பாத்திப்போட்டம்."

"ஓம் அண்ணை."

அக்காவிடம் சொல்ல அவர் மாடிக்குப் போனார். மெக்கானிக் குழாயின் வாயை மூடி இறுக்கினார். சோப்புத் தண்ணீர் பூசி, நுரை எழுகிறதா என்று பார்த்தார். எழவில்லை. எனக்கும் காட்டினார். நான் தலையாட்டினேன்.

அன்று பஸ்ஸிலிருந்து றஜனி எனக்கு ஃபோன் எடுத்திருந்தாள். பின்னால் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. குழுவில் என்ன பேசினாள் என்று கேட்டேன். அதைப் பேந்து சொல்கிறேன், இப்போது பசிக்கிறது என்றாள். சட்டம் வந்தால் முதலில் நம்முடைய அடுப்பைத்தான் கழற்றுவார்கள், அதற்கு முன் ஆசைதீரச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சிரித்தாள்.

"கத்தரிக்காய் நல்ல பெரிசாப் பாத்து ரெண்டு வாங்கி வையுங்கோ. நான் வந்து நெருப்பிலை சுடுறன்."