அஞ்சும் வெடைதான்

"எது சேவல்னு பார்த்து வை கண்ணு. நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு."

"அஞ்சும் வெடைதானுங்கப்பா."

நேற்று மாலை சுப்பண்ணன் சொன்னதும் மகள் வேலாமணி பதில் சொன்னதும் இவ்வளவுதான். கோழிகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

இனிமேல்தான் முட்டையிடப்போகும் வெடைக்கோழியை அந்த வீட்டில் அறுப்பதில்லை. ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண்ணைக் கோழிக்குழம்பு வைக்காமல் புருஷனோடு அனுப்புவதும் இல்லை.

ஆடி முடிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டதாக மாப்பிள்ளை நல்லசாமி காலையிலேயே போன் செய்துவிட்டான்.

வேலாமணியின் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடந்தது.

சுப்பண்ணன் கொல்லையில் கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. வேலாமணி கம்பளி மப்ளரைத் தலையோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சமையலறையிலிருந்து மிளகாய் வறுபடும் நெடியும் மனைவியின் குரலும் சேர்ந்து வந்தன. மூன்று தரம் கூப்பிட்டால்தான் மகாராணி திரும்பிப் பார்ப்பாளாம். மாமியார் வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறாளா என்று கேட்டாள்.

வேலாமணி கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெரிய குஞ்சைத் தூக்கினார். மூன்று மாதத்துக்குள் கொண்டை சிவந்து நிமிர்ந்திருந்தது. கால் தடிமன். கழுத்து இறகுகள் கூர்கூராக இறங்கியிருந்தன.

"இது பண்ணைக் கலப்புங்கப்பா. கலப்புல வெடைக்கும் கொண்டை சீக்கிரமாச் செவந்துரும்."

கல்யாணத்துக்கு முன் இந்தக் கட்டபெட்டு ஊரில் யார் வீட்டுக் குஞ்சுக்கும் இவள் சொன்னதுதான் தீர்ப்பு. சேவலா வெடையா, நாட்டுக்கோழியா கலப்பா என்று தூக்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள். தப்பியதே இல்லை.

ஆனால் கையில் இருந்ததன் கால்கள் நாட்டுக்கோழியின் கறுப்பு. சோலூரிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வாங்கி வந்து அடை வைத்ததே அவர்தான்.

இத்தனை வருடம் மளிகைக்கடையில் உட்கார்ந்தவருக்குப் பொய் தெரியாதா? எதற்கு இந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை.

அதைக் கூண்டுக்குள் விட்டார்.

விட்ட உடனே அது கூவியது. தொண்டை கட்டிய பையன் பாட முயன்றதுபோல, பாதியில் உடைந்த முதல் கூவல்.

கூண்டு வேலாமணியின் இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் வலப்பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி எதையோ தேடினாள்.

"டக்ளஸ் அண்ணன் ஊட்டுச் சேவலுங்கப்பா."

சுப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

அவள் நடிக்கவில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அடுப்பு முன்னால்கூடக் கழற்றாத மப்ளர். மூன்று தரம் கூப்பிட வேண்டிய மகாராணி. இந்த ஒரு மாதமாகச் சாப்பிடும்போது அவருக்கு இடப்பக்கமாகவே வந்து உட்கார்ந்து, வலது காதை அவர் பக்கம் வைத்துக்கொண்ட பெண்.

எழுந்து அவளுடைய இடப்பக்கம் போய் நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடிச்சானா கண்ணு?"

வேலாமணி இன்னும் டக்ளஸ் வீட்டு வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"ஏனுங்க, நம்மூட்டுதே கூவுதே. புடிச்சாச்சுங்களா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

கூண்டுக்குள் சேவல் மறுபடியும் கழுத்தை நீட்டியது. சுப்பண்ணன் தகரக் கதவைச் சாத்தி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அஞ்சும் வெடைதான்," என்றார் உரக்க. "அடுப்பை அணைச்சிரு."

அது வேலாமணிக்குக் கேட்டது. திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். கதவின்மேல் இருந்த கையைப் பார்த்தாள்.

அவர் சுற்றிக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் வந்தார். மப்ளரின் முடிச்சை அவிழ்த்தபோது அவள் தடுக்கவில்லை. இடது காதுக்குப் பின்னால் ஆறிய தழும்பு ஒன்று நீளமாக இருந்தது.

"கீழ விழுந்துட்டன்னு சொல்லோணும்னு சொல்லித்தான் அனுப்பிச்சாருங்கப்பா."

ரோட்டில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. யாரோ இறங்க, கதவு அறைந்து மூடிக்கொண்டது.

வேலாமணி அவருடைய ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடி முதல் தேதியே கேட்க வந்ததை இப்போது கேட்டாள்.

"என்னை அனுப்பாதீங்கப்பா."