விரல் தெரிகிறது

ஜீப் வாடகை பில்லை ஆஸ்பத்திரி பெஞ்சின் மேல் வைத்ததும் ஃபேன் காற்று அதைத் தூக்கியது.

பாலகுமார் எட்டிப் பிடித்துத் திரும்ப வைத்தான். எங்கள் சைட் சூப்பர்வைசர். என் மகன் வயதுதான் இருக்கும்.

ஆறு மணிக்குள் பில்லின் படம் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பில் செல்லாது. இந்த மாதம் எனக்கு ஏற்கெனவே இரண்டு ரிஜெக்ட். இதுவும் ஆனால் பில் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி சிமென்ட் மூட்டைதான். என் முதுகு இனி அதற்கு வளையாது.

ஷாதிபூர் வீட்டில் ஜெயமணிக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. முதலில் பில் போகட்டும்.

சைட்டுக்கு டீசல், சாப்பாடு, வண்டி எல்லாம் பார்த்து, பில் வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. நாற்பது தாண்டிய பிறகு ஜெயமணியிடம் எழுத்துப் படித்ததால் கிடைத்த வேலை. பெண்டாட்டியிடம் குட்டு வாங்கிப் படித்தது.

அதற்கு முன்னால் வவுச்சரில் கைநாட்டுதான். கட்டைவிரலை நீல மையில் ஒற்றி வைத்தால்தான் கணக்குப் பார்ப்பவர் தாளைக் கையில் வாங்குவார்.

இப்போது தாளே வேண்டாம் என்கிறார்கள். போனில் கம்பெனி ஆப் வழியாகப் படம் எடுத்து, சென்னையில் இருக்கும் மெயின்லேண்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பச்சை டிக் வந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

எனக்குப் பச்சை லேசில் வராது. சைட்டில் கடல் காற்று. தாள் நிற்காது. இடது கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டு வலது கையால் எடுப்பேன். சிவப்புக் கட்டம் வரும். அதில் இங்கிலீஷில் என்ன இருக்கிறது என்று பாலகுமார் முதல் நாளே படித்துச் சொல்லியிருந்தான்.

விரல் தெரிகிறது. மீண்டும் எடுக்கவும்.

முன்பு விரல் படாத தாள் செல்லாது. இப்போது விரல் பட்டால் செல்லாது.

கூட வேலை பார்க்கும் குணா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கம்பெனியில் என் முகம் ஒருத்தருக்கும் தெரியாதாம். கட்டைவிரலை மட்டும் காட்டினால், அட நம்ம குருநாதன் என்று சென்னையில் எழுந்து நிற்பார்களாம்.

குணா எங்களோடு வரவில்லை. கான்கிரீட் கலக்கும் மிக்ஸரைக் கழுவச் சொல்லி அவனை சைட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

வண்டூரிலிருந்து போர்ட் பிளேர் என்று பில்லில் டிரைவர் இந்தியில் எழுதியிருந்தார். எதற்கான வண்டி என்று ஆப் கேட்டது. ஒரு கட்டத்தில் ஆள் படம், இன்னொன்றில் லாரி படம். ஜீப்பில் சாமான் எதுவும் வரவில்லை. நானும் பாலகுமாரும்தான் வந்தோம். ஆள் படத்தைத் தொடப் போனேன்.

"அத அமுக்காதீங்கண்ணே. ஆளுன்னு போட்டா யாரு, என்ன ஆச்சுன்னு மெயின்லேண்ட்லேருந்து கேள்வி வரும். லாரியவே அமுக்குங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

லாரியை அமுக்கினேன்.

தாள் மறுபடி எழும்பப் பார்த்தது. பழக்கத்தில் இடது கையை நீட்டி ஓரத்தை அழுத்திவிட்டேன். வலி தோள் வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை எடுத்தேன்.

வட்டம் சுற்றியது. இங்கே நெட் அப்படித்தான். சுற்றிக்கொண்டே இருந்தது.

பச்சை.

முதல் தடவையிலேயே பச்சை வந்தது இன்றுதான். பில் வேலை எனக்கே. மூட்டை தூக்க வேண்டாம்.

கட்டைவிரல் இருந்த இடத்தில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை, அதுவும் தாள்தான் என்று ஆப் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது.

கையைத் தொங்கப் போடாதே என்று நர்ஸ் இந்தியில் அதட்டிவிட்டுப் போனாள். தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இனி தாளைக் கிழிக்க வேண்டும். வலது கையில் எடுத்துச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு பாலகுமாரிடம் நீட்டினேன்.

அவன் நான்காகக் கிழித்தான். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. துண்டுகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சும்மா உட்கார முடியவில்லை அவனுக்கு. என் போனை எடுத்து, கண்ணாடியில் இருந்த கறையைத் துடைத்தான். பிறகு எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"ரிஜெக்ட் ஆன பழைய படமெல்லாம் இடத்த அடைச்சிட்டுக் கெடக்குண்ணே. அழிச்சிரட்டா?"

எட்டிப் பார்த்தேன். டீசல் பில், சாப்பாட்டு பில், படகு டிக்கெட். ஒவ்வொன்றின் ஓரத்திலும், நகக்கண்ணில் சிமென்ட் அடைத்துக்கொண்டு, அது இருந்தது.

வேண்டாம் என்று போனை வாங்கிக்கொண்டேன்.